கமிஷன் மட்டுமா, சம்பளமா: சித்தி பையனுக்கு வந்த மூன்று வேலைகள்

போன மாதம் சித்தி பையன் போன் பண்ணினான். பி.காம். முடித்து ஒரு வருடம் சும்மா இருக்கிறான். "அண்ணே, மூணு வேலை கூப்பிடுறாங்க. எதுக்குப் போறது?" என்றான். ஒன்று, கடலூர் மஞ்சக்குப்பத்தில் லைஃப் இன்சூரன்ஸ் ஏஜென்ட். சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும். இரண்டு, புதுச்சேரியில் ஒரு பேங்க் கிளைக்குள் உட்கார்ந்து தனியார் கம்பெனி பாலிசி விற்பது. மாதம் 16,000, டார்கெட் உண்டு. மூன்று, அதே புதுச்சேரியில் நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் பில்லிங்; 13,000. நாலு வருடம் ஏஜென்டாகச் சுற்றிவிட்டு விட்டவன் நான். அதனால்தான் என்னைக் கேட்டான்.

மூன்றில் எதில் சுலபமாக நுழையலாம் என்று பார்த்தால் ஏஜென்ட் வேலைதான். பத்தாவது பாஸ், 18 வயது, 25 மணி நேரப் பயிற்சி, அப்புறம் ஏஜென்ட்டுகளுக்கான ஐ.சி.38 பரீட்சை. 50 கேள்வி, 35 சதவீதம் எடுத்தால் போதும். மியூச்சுவல் ஃபண்ட் விற்க என்.ஐ.எஸ்.எம். பரீட்சை எழுதுகிறவனுக்குக்கூட 50 சதவீதம் வேண்டும். இவ்வளவு தாராளம் ஏன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை என்றால் எத்தனை பேரைச் சேர்த்தாலும் கம்பெனிக்குப் பெரிய செலவில்லை. பத்துப் பேர் சேர்ந்து எட்டுப் பேர் ஓடிப்போனாலும், அந்த எட்டுப் பேர் மாமன் மச்சான் தலையில் கட்டிவிட்டுப் போன பாலிசிகள் கம்பெனியிடம்தானே இருக்கின்றன?

பயிற்சியின் முதல் நாள் மேனேஜர் ஆளுக்கொரு லாங் சைஸ் நோட்டு கொடுத்தார். "தெரிஞ்சவங்க 100 பேர் எழுதுங்க. யோசிக்காதீங்க, கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரி எழுதுங்க." டீ வருவதற்குள் 63 பேர் எழுதிவிட்டேன். முதல் பெயர் பண்ருட்டி மாமா. வேலைக்குச் சேர்ந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த நோட்டைக் கொடுத்ததோடு நான் கொண்டுபோன சரக்கு முடிந்துவிட்டது. எட்டாவது மாதம் பட்டியலில் ஆளே மிச்சமில்லை. அதற்கப்புறம் கல்யாண வீட்டுப் பந்தியில் என் பக்கத்து இலை கடைசியாகத்தான் நிரம்பும்.

இனி கணக்கு. வருடப் பிரீமியம் 12,000, முதல் வருடக் கமிஷன் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கையில் 3,000. மாதம் 15,000 வேண்டுமென்றால் மாதாமாதம் இப்படி ஐந்து பாலிசி, வருடத்துக்கு 60 வீடு. ஆனால் நம்ம ஊரில் 12,000-ஐ ஒரே தவணையில் கட்டுகிறவர் எத்தனை பேர்? மாதம் ஆயிரம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அப்போது கமிஷனும் மாதம் 250 ரூபாயாகத்தான் வரும். பண்ருட்டிக்கு பைக்கில் இரண்டு தடவை போய்வந்த பெட்ரோலுக்கே அது காணாது. அடுத்தடுத்த வருடங்களில் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். 2024 அக்டோபரில் சரண்டர் விதிகள், அதாவது பாலிசியை நடுவில் விட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்ற விதிகள், மாறிய பிறகு, கமிஷனை முதல் வருடத்தில் குறைத்து ரினியூவலில், அதாவது அடுத்த வருடப் பிரீமியங்களில், கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதும் நடக்கிறது. புதிதாகச் சேருகிறவனிடம் ரினியூவல் எங்கே இருக்கிறது? கமிஷன் வருடத்தில் 20,000 தாண்டினால் 2 சதவீதம் டி.டி.எஸ். வரிப்பிடித்தம் வேறு.

அந்த 3,000-மும் முழுசாகத் தங்காது. "தம்பி, முதல் பிரீமியத்துல எவ்ளோ விட்டுத் தருவீங்க?" என்று கேட்காத வாடிக்கையாளரை நான் பார்த்தது அபூர்வம். 1938-ஆம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி கமிஷனில் பங்கு கொடுப்பதும் தப்பு, வாங்குவதும் தப்பு. அபராதம் 10 லட்சம் வரை. சட்டத்தைச் சொன்னால், "அவர் தர்றாரே" என்று அடுத்த தெரு ஏஜென்ட்டைக் காட்டுவார்கள். நானும் கொடுத்திருக்கிறேன். பெருமையாகச் சொல்லவில்லை.

தேவனாம்பட்டினத்தில் ஒரு அக்காவுக்கு மாதத் தவணையில் பாலிசி போட்டுக் கொடுத்தேன். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். கையெழுத்து வாங்கியது பிப்ரவரியில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் டார்கெட் மாதத்தில் எதுதான் ஞாபகம் இருக்கிறது? மே மாதம் போனபோது அக்கா அடுப்படியில் இருந்து வெளியே வரவே இல்லை. மாதத் தவணைக்குச் சலுகை நாள் 15 மட்டும். பாலிசி லேப்ஸ் ஆனால் என் கணக்கும் கெடும், அவர்கள் கட்டியதும் போகும். இரண்டு தவணையை என் கையிலிருந்து கட்டினேன். திரும்பி வந்தது ஒன்று.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி, பலா சீசன் பார்த்துத்தான் பணம் புழங்கும். 2011 டிசம்பரில் தானே புயல் முந்திரித் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. 2024-இல் ஃபெஞ்சலும், அதையொட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும். நம்ம மாவட்டத்தில் கமிஷனை நம்பிக் குடும்பம் நடத்துகிறவன் வானிலை அறிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சம்பளக்காரனுக்கு மழை லீவு. ஏஜென்ட்டுக்கு லீவு இல்லை, வருமானமும் இல்லை.

இரண்டாவது வேலை, பேங்க் கவுன்ட்டர். 16,000 நிச்சயம் என்று சித்தி சந்தோஷப்படுகிறார். பாதி சரி. பி.எஃப். பிடிப்பார்கள், 21,000-க்குள் சம்பளம் என்பதால் இ.எஸ்.ஐ.-யும் இருக்க வேண்டும். ஊர் சுற்ற வேண்டாம், ஆளே உள்ளே வருகிறார்கள். ஆனால் வருகிறவர் யார்? ரிட்டயர்மென்ட் பணத்தை எஃப்.டி. போட வந்த பெரியவர். அவரை பாலிசி பக்கம் திருப்பினால்தான் டார்கெட். மூன்று மாதம் தொடர்ந்து டார்கெட்டைத் தவறவிட்டால், ராஜினாமாவை நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்பார்கள். என்னோடு பயிற்சிக்கு வந்த ஒருவன் இப்படி ஒரு கிளையில் இருந்தான். "இது எஃப்.டி. இல்லையாமே" என்று ஒரு அம்மா மகனோடு வந்து நின்றதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நல்லவேளை, பாலிசி வந்து சேர்ந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்தார்கள். அந்த மாதம் அவன் பிடித்த கணக்கிலிருந்து அதைக் கழித்தார்கள்.

ஏஜென்ட்டாவது மனசாட்சி இடித்தால் அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடலாம். கவுன்ட்டரில் அதற்கும் வழியில்லை. இந்த ஒரு விஷயத்தில் கமிஷன் வேலைதான் மேல்.

துணிக்கடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 13,000, காலை முதல் இரவு வரை நிற்க வேண்டும், தீபாவளிக்கு லீவு கேட்க முடியாது. 20 பேருக்குமேல் வேலை செய்கிற கடை என்பதால் பி.எஃப். உண்டா என்று கேட்டுக்கொள் என்றேன். ஆனால் ராத்திரி கடையை மூடினால் வேலை முடிந்தது. மாமாவைப் பார்த்தால் மாமாவாக மட்டும் பார்க்கலாம்.

அவன் தங்கைக்கு வேண்டுமானால் நாலாவது வழி ஒன்று இருக்கிறது. எல்.ஐ.சி.யின் பீமா சகி, 2024 டிசம்பர் 9 அன்று ஆரம்பித்தது; பெண்களுக்கு மட்டும். முதல் வருடம் மாதம் 7,000, இரண்டாம் வருடம் 6,000, மூன்றாம் வருடம் 5,000 உதவித்தொகை, கமிஷன் தனி. முதல் வருடம் 24 பாலிசி பிடிக்க வேண்டும். அதில் 65 சதவீதமாவது உயிரோடு இருந்தால்தான் அடுத்த வருடத் தொகை. சும்மா கொடுக்கவில்லைதான். ஆனாலும் பெட்ரோல் கைக்காசு இல்லை.

கமிஷன் மட்டும் என்பது யாருக்குமே சரிவராது என்று சொல்ல மாட்டேன். எல்.ஐ.சி. ஏஜென்ட்டுகளுக்கு 2023-இல் பணிக்கொடை உச்சவரம்பை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக ஏற்றினார்கள். இருபது வருடம் தாக்குப்பிடித்தவருக்கு ரினியூவல் கமிஷனே ஒரு பென்ஷன் மாதிரி. ஆனால் அப்படி நிலைத்தவர்களை எண்ணிப் பார்த்தால், எனக்குத் தெரிந்த மூன்று பேரில் ஒருவர் டியூஷன் வாத்தியார், ஒருவர் வீட்டுக்காரருக்கு நெய்வேலியில் வேலை, இன்னொருவர் தபால் ஆபீஸ் ரிட்டயர்ட். சோற்றுக்கு வேறு வழி இருந்தவர்கள்.

அதனால் சித்தி பையனிடம் சொன்னேன்: கடைக்குப் போ. பரீட்சையை வேண்டுமானால் எழுதி வை. ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் கேட்டு வருகிறவருக்கு மட்டும் போடு. யாருக்கும் கைக்காசு கட்டாதே.

"சரிண்ணே" என்றான். நேற்று சித்தி போன் பண்ணினார். மஞ்சக்குப்பம் பயிற்சிக்குப் போய்விட்டானாம். லாங் சைஸ் நோட்டு கொடுத்திருக்கிறார்கள். முதல் பெயர் என்னுடையது.