கியூட்பிரவுசரோடு ஐந்து வருஷம்

கியூட்பிரவுசர் ரொம்ப லைட்டானது என்று யாராவது சொன்னதைக் கேட்டு இன்ஸ்டால் செய்யப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். 2020-ல் நானும் அப்படித்தான் போட்டேன். 4 ஜிபி ராம் உள்ள பழைய தின்க்பேட் எக்ஸ்220, அதில் டெபியன் லினக்ஸ். வழக்கமான பிரவுசரில் பத்து டேப் திறந்தாலே ஃபேன் போடும் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும். சரி, சின்னதாக ஒன்று போடலாம் என்று இதைப் போட்டு, முதல் நாளே எச்டாப்பை (எந்த புரோகிராம் எவ்வளவு ராம் தின்கிறது என்று காட்டும் கருவி) திறந்து பார்த்தால் ராம் கணக்கு கிட்டத்தட்ட பழையபடியே இருந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பக்கத்தை வரைகிற வேலையைச் செய்வது கியூடி வெப்எஞ்சின், அதாவது கூகுள் குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின் அதே எஞ்சின்தான். அதைச் சுற்றி பைத்தான் மொழியில் எழுதிய மேல்பகுதி (டேப் பட்டை, சாவிகள், செட்டிங்) மட்டும்தான் சின்னது.

அப்புறம் ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்றால், எதை அணைக்க வேண்டும், எங்கே அணைக்க வேண்டும் என்பதை முழுசாக என் கையில் கொடுத்துவிட்டது இது ஒன்றுதான். அணைக்க அணைக்கத்தான் லைட் ஆனது. போட்டவுடனே இல்லை, ஏழெட்டு மாதம் கழித்து.

சுவிட்சர்லாந்தின் ஃப்ளோரியன் புரூஹின் 2013 கடைசியில் எழுத ஆரம்பித்தது இது. முதல் வெளியீடு 2014 டிசம்பரில். கீபோர்டிலேயே எல்லாம் செய்யும் விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டர் மாதிரி, மவுஸ் இல்லாமல் ஓட்டலாம். ஜே, கே அழுத்தினால் பக்கம் கீழே மேலே போகும், ஓ அழுத்தினால் முகவரி கேட்கும், எஃப் அழுத்தினால் திரையில் உள்ள ஒவ்வொரு லிங்க் மேலும் ஒன்றிரண்டு எழுத்து முளைக்கும், அந்த எழுத்தைத் தட்டினால் லிங்க் திறந்துவிடும். முகவரிப் பட்டை, பட்டன், மெனு எதுவும் கிடையாது. விம் பழகியவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் கை படிந்துவிடும். மற்றவர்களுக்கு ஒரு வாரம் எரிச்சலாக இருக்கும், அதை மறைப்பதில் பயனில்லை. என் தம்பி ஒருநாள் அவசரமாக உட்கார்ந்து, "அண்ணே, இதுல எங்கண்ணே டைப் பண்றது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவன் அப்புறம் இந்த மிஷினைத் தொடவே இல்லை.

பெரிய மாற்றம் வந்தது ஜாவாஸ்கிரிப்டை (பக்கத்துக்குள் ஓடும் புரோகிராம்களை) மொத்தமாக அணைத்துவிட்டு, தேவைப்படும் தளங்களுக்கு மட்டும் கான்ஃபிக் ஃபைலில், அதாவது செட்டிங்குகளை எழுதி வைக்கும் ஃபைலில், ஒவ்வொரு வரியாக அனுமதி கொடுத்த பிறகுதான். கான்ஃபிக் ஃபைலே ஒரு பைத்தான் ஃபைல் என்பதால், அனுமதி கொடுக்கும் தளங்களை ஒரு லிஸ்ட்டில் போட்டு நாலு வரி லூப்பில் முடித்துவிடலாம். புதிதாக ஒரு தளத்துக்குத் தற்காலிகமாக வேண்டுமென்றால் டி, எஸ், எச் என்று மூன்று சாவி தட்டினால் போதும், அந்தத் தளத்துக்கு மட்டும் ஆன் ஆகிவிடும். செய்தித் தளங்களில் இதனால் படங்கள் பாதி வராது, படம் இருக்க வேண்டிய இடம் வெள்ளையாகக் கிடக்கும், ஆனால் எழுத்து கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும். எனக்கு எழுத்து போதும்.

அதற்குமேல் மூன்று செட்டிங். குரோமியத்துக்குள்ளேயே ராம் குறைவான கருவிகளுக்கென்று ஒரு மோட் உண்டு. சும்மா விட்டால் 1 ஜிபிக்கும் குறைவான மிஷினில்தான் அது தானாக இயங்கும், இங்கே அதை எப்போதும் ஆனில் இருக்கும்படி வைக்கலாம். பக்கம் கொஞ்சம் மெதுவாகும், ராம் மிச்சமாகும். அடுத்தது, ஒரே தளத்தின் டேப்கள் எல்லாம் ஒரே பிராசஸில் ஓடும்படி மாற்றுவது. மூன்றாவது, முந்தைய செஷனைத் திறக்கும்போது எல்லா டேபையும் ஒரேயடியாக ஏற்றாமல், நாம் போய்ப் பார்க்கும் டேபை மட்டும் ஏற்றச் சொல்வது. என்னைப் போல முப்பது டேபை 'அப்புறம் படிக்கலாம்' என்று சேர்த்து வைப்பவர்களுக்கு இந்த மூன்றாவதுதான் உயிர் காக்கும்.

வீடியோவை பிரவுசரில் பார்ப்பதையே விட்டுவிட்டேன். எக்ஸ்220-ல் இருக்கும் கிராபிக்ஸ் எச்.264 என்ற வீடியோ வடிவத்தை வன்பொருளிலேயே டீகோட் செய்யும், பிரவுசருக்குப் பெரும்பாலும் வரும் விபி9 வடிவத்தைச் செய்யாது. அதனால் பிரவுசரில் ஓடவிட்டால் பிராசசர்தான் பாடுபடும். லிங்கைத் தேர்ந்தெடுத்து எம்பிவி பிளேயருக்கு அனுப்ப ஒரு சாவியை ஒதுக்கி, எம்பிவியில் எச்.264, 720-க்கு மேல் வேண்டாம் என்று எழுதி வைத்துவிட்டேன். ஃபேன் சத்தமே இல்லை.

இனி தமிழ். இதில் நிறைய நேரம் போனது. எஞ்சின் குரோமியம் என்பதால் பக்கத்தில் தமிழ் சரியாகவே வரும், சிக்கல் மேல்பகுதியில். டேப் தலைப்புகள் முதலில் மோனோஸ்பேஸ் (எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்) ஃபாண்ட்டில் வரும், தமிழ்த் தலைப்பு அதில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். டேபுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபாண்ட் என்று மாற்றி, டேப் பட்டையை இடது பக்கத்துக்குத் தள்ளிய பிறகுதான் எந்த டேப் எது என்று படிக்க முடிந்தது. அதோடு இரண்டு வரியில் ஒரு ஸ்டைல்ஷீட், எல்லாப் பக்கத்திலும் வரி இடைவெளியைக் கூட்டுவதற்கு. ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த இடைவெளியில் நம் கொம்பும் சுழியும் மேல்வரியில் போய் இடிக்கிறது.

தமிழ்99 கீபோர்டு லேஅவுட் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு தலைவலி. லேஅவுட்டைத் தமிழில் விட்டுவிட்டு மறந்து ஜே அழுத்தினால் பிரவுசருக்குப் போவது ப. அதற்கு அது புரியாது, பக்கம் நகராமல் நிற்கும். ஒரு சாவியை இன்னொன்றாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் செட்டிங் இருக்கிறது. அதில் ப என்றால் ஜே, ம என்றால் கே, ட என்றால் ஓ, ல என்றால் 'என்' (n) என்று ஒரு பட்டியல் எழுதினேன், வேலை செய்கிறது. ஆனால் அதிகம் பயன்படும் எஃப் சாவியில் தமிழ்99-ல் இருப்பது புள்ளி. அதோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, லிங்க் திறக்கும்போது மட்டும் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வது என்று சமாதானமாகிவிட்டேன்.

குறைகளும் இருக்கின்றன. விளம்பரத் தடுப்பு 2021-ல் வந்த 2.0 முதல் பிரேவ் பிரவுசரின் தடுப்பு லைப்ரரியைப் பயன்படுத்துகிறது, அதற்கான பைத்தான் பொதியையும் போட்டிருந்தால்தான். அப்போதும் விளம்பரம் வருவது நிற்குமே தவிர, அது இருந்த காலிப் பெட்டி போகாது, அப்படிப் பெட்டியை மறைக்கும் வசதி இதில் இல்லை. அதே 2.0-க்கு மாறிய அன்று திறந்ததும் எரர் பெட்டி வந்தது. கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்று மாற்றியிருந்தார்கள், மாற்றக் குறிப்பைப் படிக்காதது என் தப்பு. இதைவிட முக்கியம் பாதுகாப்பு. டெபியன் தன் கியூடி வெப்எஞ்சின் பொதிக்குப் பாதுகாப்பு அப்டேட் உறுதி தருவதில்லை, அதை வெளிப்படையாகவே சொல்லியும் இருக்கிறது. ஆகவே ஏபிடியில் (டெபியனின் பொதி நிறுவி) போட்டுவிட்டு வருஷக்கணக்கில் விடாதீர்கள். நான் பைத்தான் விர்ச்சுவல் என்விரான்மெண்ட்டில், அதாவது டெபியன் பொதிகளைத் தொடாத தனி ஃபோல்டரில் போட்டு, மாதம் ஒருமுறை அப்டேட் செய்கிறேன்.

வங்கி வேலைக்கு இது வேண்டாம். என் வங்கியின் தளம் ஓடிபி கேட்கும் பக்கத்தில் வெள்ளையாக நின்றுவிட்டது, பணம் போனதா இல்லையா என்று தெரியாமல் அரை மணி நேரம் வியர்த்தது. அதற்கென்று ஃபயர்பாக்ஸ் தனியாக இருக்கிறது, மாதத்தில் நாலைந்து முறை திறப்பேன்.

இன்றைய தேதிக்கு என் கான்ஃபிக் ஃபைல் 140 வரி. அதில் 87-வது வரியை எதற்காகப் போட்டேன் என்று சுத்தமாக ஞாபகமில்லை, பக்கத்தில் "எடுக்காதே" என்று மட்டும் நானே எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை எடுக்கவில்லை.