பழைய அன்ஷுட்ஸா, புதிய வால்தரா? 50 மீட்டர் இலக்கில் ஓர் ஒப்பீடு

இங்கிலாந்தில் .22 அங்குல அளவுத் தோட்டா சுடும் இலக்குத் துப்பாக்கி வாங்க நினைப்பவருக்கு முன் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. சங்கங்களின் அலமாரிகளில் தலைமுறைகளாக நிற்கும், பிரிட்டிஷ் நிறுவனமான பி.எஸ்.ஏ.வின் மார்ட்டினி இன்டர்நேஷனல் ஒன்று. 1960, 70களில் ஜெர்மனியின் உல்ம் நகரத்தில் செய்யப்பட்ட அன்ஷுட்ஸ் துப்பாக்கிகள் இன்னொன்று. இவ்விரண்டும் சில நூறு பவுண்டில் முடிந்துவிடும். மூன்றாவது வழி வால்தர் கே.கே. 500, ஃபைன்வெர்க்பாவ் 2800, அன்ஷுட்ஸ் 54.30 போன்ற இன்றைய துப்பாக்கிகள். அங்கே பேச்சே ஆயிரங்களில்தான். நான் வாங்கியது நடுவிலுள்ளது: 1970களின் அன்ஷுட்ஸ் 1413. ஆகவே இந்த அலசல் தராசு பிடித்து எழுதப்பட்டது என்று யாரும் நம்ப வேண்டாம்.

முதலில் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நான் சுடுவது படுத்த நிலையில் மட்டும். குளிர்காலத்தில் கூரைக்குக் கீழே 25 கஜம், கோடையில் திறந்தவெளியில் 50 மீட்டரும் 100 கஜமும். சங்கப் போட்டிகள், மாவட்ட அளவிலான போட்டிகள், அவ்வளவுதான். மண்டியிட்டும் நின்றும் சுடும் மூன்று நிலைப் போட்டியில் எனக்கு அனுபவம் மிகக் குறைவு. அதைப் பற்றிக் கடைசியில் ஓரிரு வரிகள் மட்டும்.

பழைய துப்பாக்கி ஈடுகொடுக்குமா என்ற கேள்விக்குப் பாதி விடை வரலாற்றிலேயே இருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் படுத்த நிலைப் போட்டியில் வட கொரியாவின் லி ஹோ ஜுன் 600க்கு 599 எடுத்துத் தங்கம் வென்றார். இலக்கின் வட்டங்கள் பிறகு சிறிதாக்கப்பட்டன என்பது உண்மைதான். ஆனாலும் அந்தக் காலத் தொழிற்சாலைகளின் குழல்கள் எதைச் சாதிக்கக்கூடியவை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

மீதிப் பாதி கணக்கு. இன்றைய 50 மீட்டர் இலக்கில் பத்து வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். தோட்டாவின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். துளை வட்டத்தைத் தொட்டாலே பத்துதான். எனவே இலக்கின் நடுவில் அமைந்த ஒரு கொத்து, அதாவது தொடர்ந்து சுட்ட துளைகளின் கூட்டம், வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை 21 மில்லிமீட்டர் விரிந்திருந்தாலும் அதிலுள்ள அத்தனையும் பத்துகள்தான். ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட பழைய 1413, பொருத்தமான தோட்டாவுடன் இந்த அளவுக்குள் தாராளமாக அடங்கும். புதிய துப்பாக்கி இன்னும் நெருக்கமாக அடிக்கலாம். அடிக்கும் என்றே வைத்துக்கொள்வோம். முழு எண்களில் மதிப்பெண் போடும் சங்கப் போட்டியில் அந்த நெருக்கத்துக்குத் தனிப் பரிசு கிடையாது. தசமத்தில் மதிப்பெண் போடும் பெரிய போட்டிகளில் கதை வேறு. அங்கே 10.2க்கும் 10.6க்கும் உள்ள தூரம் அறுபது தோட்டாக்களில் சேர்ந்து மலையாகிவிடும். உச்ச மதிப்பெண் 654 என்ற களத்தில் நிற்பவர் பழைய துப்பாக்கியோடு போகட்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

புதியவற்றின் வசதிகளை எல்லோரும் அறிவார்கள். குழலைத் தாங்கித் தோளில் பொருந்தும் அலுமினியக் கட்டை மழைக்கும் ஈரத்துக்கும் அசையாது. கன்னத்தாங்கி, தோள்தாங்கி, கைப்பிடி என எதையும் எந்தத் திசையிலும் நகர்த்தலாம். 54.30இன் போல்ட் அமைப்பு (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் தண்டு) குறுகியது, எனவே படுத்தபடியே தோட்டாவை ஏற்றும்போது தோள் அசைவு குறைகிறது. கே.கே. 500இல் மின்னணு விசை கொண்ட வகையும் உண்டு. இவையெல்லாம் நல்ல விஷயங்கள்தாம். ஆனால் உயரம் சராசரியாக இருந்து, மரக்கட்டை தோளுக்குப் பொருந்திவிட்டால், படுத்த நிலையில் இவற்றில் பாதியை ஒருமுறை சரிசெய்துவிட்டு மறந்துவிடுவோம். பழைய அன்ஷுட்ஸின் குறிபார்க்கும் கருவிகள் பொருந்தும் 11 மில்லிமீட்டர் தண்டவாளம் இன்றைய அளவேதான் என்பதால், கண்ணுக்குப் பிடித்த புதிய பின்குறியை அதிலேயே ஏற்றிக்கொள்ளலாம். நான் செய்ததும் அதுதான். துப்பாக்கி அரை நூற்றாண்டுக்கு முந்தையது, பின்குறி நேற்றையது.

மரக்கட்டையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. போல்ட் உறையைக் கட்டையோடு இறுக்கும் திருகுகளுக்குக் கீழே மரம் பல ஆண்டுகளில் நசுங்கியிருக்கும். முறுக்கு அளவு காட்டும் திருப்புளி இல்லாமல் ஒவ்வொரு முறையும் கைக்கு வந்தபடி இறுக்கினால், கொத்து ஒவ்வொரு வாரமும் வேறு இடத்தில் விழும். இதற்கு மருந்து சுலபம், மலிவும்கூட. பிசின் ஊற்றிப் படுகையைச் சீராக்கும் கைவினைஞர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பழையதா புதியதா என்ற கேள்வியை என்னைப் பொறுத்தவரை தீர்மானிப்பது குழலும் அல்ல, கட்டையும் அல்ல. தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் அடி ஊசியும் அதை உந்தும் சுருள்வில்லும்தான்.

.22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை தனி மூடிக்குள் இல்லை. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்புக்குள் சுற்றிலும் அப்பப்பட்டிருக்கிறது. அடி ஊசி அந்த விளிம்பைக் குழல்வாயின் ஓரத்தோடு வைத்து நசுக்கினால்தான் தீப்பிடிக்கும். அடியின் வலு, ஊசிமுனையின் வடிவம், அது விழும் இடம் ஆகிய மூன்றும் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல இருந்தால்தான் தோட்டாவின் வேகமும் ஒன்றுபோல இருக்கும். வில் தளர்ந்துவிட்டாலும் தோட்டா வெடிக்கத்தான் செய்யும். அதுதான் இதிலுள்ள ஏமாற்று. வெடிக்காமல் போனால் உடனே கவனித்திருப்போம். வெடிக்கிறது, ஆனால் ஒருமுறை முழுமையாக, ஒருமுறை சோம்பலாக.

இதன் விளைவை எண்ணில் பார்க்கலாம். போட்டித் தோட்டா குழலைவிட்டு நொடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது. அதில் 10 மீட்டர் குறைந்தால், 50 மீட்டர் தொலைவில் அது ஏழெட்டு மில்லிமீட்டர் கீழே விழும். நடுமையத்தில் விழ வேண்டிய தோட்டா பத்து வட்டத்தின் ஓரத்துக்குப் போய்விடும். 100 கஜத்தில் அதே குறை ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டராக வளர்ந்துவிடும். 25 கஜத்தில் இது கண்ணுக்கே தெரியாது. குளிர்காலம் முழுவதும் நன்றாகச் சுட்ட துப்பாக்கி கோடை வந்ததும் ஏன் மேலும் கீழுமாகக் கோடு போடுகிறது என்று பலர் குழம்புவது இதனால்தான். காற்றின் மீது பழி போடுவார்கள். காற்று பெரும்பாலும் தோட்டாவைப் பக்கவாட்டில் தள்ளும், செங்குத்தாக இழுக்காது. செங்குத்துக் கோட்டுக்கு இன்னொரு காரணம் சுடுபவரின் மூச்சு. இரண்டில் எது என்று பிரித்தறிய, மணல் மூட்டையில் துப்பாக்கியை வைத்துச் சுட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் கோடு மறையவில்லையென்றால், கோளாறு போல்ட்டுக்குள் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.

என் 1413இன் போல்ட்டைப் பிரித்தபோது உள்ளே பழைய கிரீஸ் கறுத்துப் பிசினாக ஒட்டியிருந்தது. சூடேற்றாத கொட்டகையில் ஜனவரி மாதத்தில் அந்தப் பிசின் ஊசியை எவ்வளவு தாமதப்படுத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சுத்தம் செய்து, மெல்லிய எண்ணெய் ஒரு துளி விட்டு, வில்லை மாற்றினேன். 50 மீட்டரில் கொத்து நீள்வட்டமாக இருந்தது, பிறகு உருண்டையானது. செலவு ஒரு பெட்டி நல்ல தோட்டாவின் விலைக்கு மேல் போகவில்லை.

அன்ஷுட்ஸ் பக்கம் நான் சாய்வதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. 1954இன் பெயரைத் தாங்கிய மேட்ச் 54 என்ற அதே போல்ட் அமைப்பைத்தான் அந்த நிறுவனம் 1400 வரிசையிலிருந்து 1600, 1800, 1900 வரிசைகள் வரை திருத்தித் திருத்திப் பயன்படுத்தி வந்திருக்கிறது. எல்லாப் பாகங்களும் எல்லா வரிசைக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. வாங்கும் முன் வரிசை எண்ணைச் சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால் வில், ஊசி, தோட்டாக் கூட்டைக் கவ்வி இழுக்கும் கொக்கி போன்ற தேய்மானப் பொருள்கள் இன்றும் கிடைக்கின்றன. இயந்திரத்தின் இதயத்தைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்றால் வயதுக்கு என்ன பொருள்?

பி.எஸ்.ஏ.வின் நிலை அப்படியில்லை. அந்தத் துப்பாக்கியை நான் இகழ மாட்டேன். மார்ட்டினி அமைப்பில் போல்ட்டே கிடையாது. கீழேயுள்ள நெம்புகோலை இறக்கினால் அடைப்புக்கட்டை தாழ்கிறது, தோட்டாவை வைத்து மூடிவிடலாம். ஊசி ஓடும் தூரம் மிகக் குறைவு, எனவே விசையை இழுத்த கணமே தோட்டா போய்விடும். இடக்கைக்காரர்களுக்கும் வலக்கைக்காரர்களுக்கும் ஒரே துப்பாக்கி. ஒரு குறுக்கு ஊசியை எடுத்தால் உள்ளமைப்பு முழுவதும் கையோடு வந்துவிடும். துப்புரவு செய்ய இதைவிட வசதியானதைப் பார்த்ததில்லை. ஆனால் 1986இல் பி.எஸ்.ஏ. துப்பாக்கி நிறுவனம் ஸ்பெயினின் காமோ நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்று அந்தப் பெயரில் ஏர் ரைஃபிள்கள்தான் வருகின்றன. மார்ட்டினிக்கு ஊசி வேண்டுமென்றால் வேறொரு மார்ட்டினியை உடைக்க வேண்டும், அல்லது கடைசல்காரரிடம் சொல்லிச் செய்ய வேண்டும். நன்றாக ஓடும்வரை நன்றாக ஓடும். சங்கத் துப்பாக்கியாக அது இருக்கட்டும். சொந்தமாக ஒன்றே ஒன்று வைத்திருப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிய துப்பாக்கிக்கும் இந்தப் பராமரிப்பிலிருந்து விடுதலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கே.கே. 500இன் வில்லும் தளரும். கைக்கு வந்த புதிதில் எல்லாம் சரியாக இருப்பதால் அதைப் பற்றி யாரும் நினைப்பதில்லை, அவ்வளவே.

குழல் தேய்மானத்தைப் பற்றி ஓரளவுக்குத்தான் உறுதியாகப் பேச முடியும். ஈயத் தோட்டா எஃகை மெதுவாகத்தான் தேய்க்கிறது. பிரச்சினை தோட்டா அறைக்குச் சற்று முன்னால், குழலின் அடிப்பக்கத்தில் வருகிறது. பற்றவைப்புக் கலவையில் கலக்கும் கண்ணாடித் தூள் அங்கே படிந்து, ஒவ்வொரு தோட்டாவோடும் உரசிப் பள்ளம் போடுகிறது. பயன்பாட்டைப் பொறுத்து, நாற்பது ஆண்டுத் துப்பாக்கியின் குழல் புதிதுபோல இருக்கலாம், பத்தாண்டுத் துப்பாக்கியின் குழல் முடிந்துபோயிருக்கலாம். தேசிய அணியினர் ஓய்வுபெறும்போது விற்பதைவிட, வாரம் ஒருமுறை சங்கத்துக்கு வந்து போன முதியவர் விற்பது மேல். இன்னொரு ஆபத்து, குண்டில்லாமல் விசையை இழுத்துப் பழகியவர்களின் துப்பாக்கி. ஊசி தோட்டா அறையின் வாயில் மோதிமோதி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் தடவினாலே தெரியும்.

தோட்டாவைப் பற்றிச் சுருக்கமாக. ஒரே பெயர், ஒரே விலை, வேறு வேறு தயாரிப்பு எண் கொண்ட பெட்டிகள் ஒரே குழலில் வேறு வேறு விதமாக நடந்துகொள்ளும். பர்மிங்ஹாமுக்கு அருகேயுள்ள, தோட்டா தயாரிக்கும் ஈலி நிறுவனத்தின் சோதனைக் கூடத்துக்குத் துப்பாக்கியை எடுத்துப்போய், 50 மீட்டரில் ஒவ்வொரு எண்ணாகச் சுட்டுப் பார்த்துப் பொருந்துவதை வாங்கலாம். புதிய துப்பாக்கிக்கும் பழையதற்கும் உள்ள விலை வித்தியாசத்தில் இப்படித் தேர்ந்தெடுத்த தோட்டா பல பருவங்களுக்குப் போதும். பொருந்தாத தோட்டா போட்ட கே.கே. 500ஐவிடப் பொருந்திய தோட்டா போட்ட 1413 மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

மறுவிற்பனை பெரிய விஷயமல்ல. பழையது ஏற்கெனவே விழ வேண்டிய விலைக்கு விழுந்துவிட்டது. புதியது கடை வாசலைத் தாண்டியதுமே விலை இறங்கும். இந்நாட்டில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் காவல்துறை தரும் உரிமச் சான்றிதழில் முன்கூட்டியே இடம் வாங்க வேண்டும் என்பதால், வாங்கி விற்று விளையாடுவதற்கு இது பொருத்தமான பொருளே அல்ல.

மூன்று நிலைப் போட்டிக்கு வருபவர்கள் புதியதையே பார்க்கட்டும் என்றுதான் சொல்வேன். படுத்து, மண்டியிட்டு, நின்று எனக் கட்டையை நடுவில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய போட்டி அது. அங்கே மரக்கட்டை தடையாகும் என்று அனுபவசாலிகள் சொல்வதை நான் நம்புகிறேன். வளர்ந்துகொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் அதே காரணத்தால் அலுமினியக் கட்டைதான் வசதி. பழைய 1413 பிடித்திருந்து கட்டை மட்டும் பொருந்தாதவர்கள், மேட்ச் 54 அமைப்புக்கென்று தனியாக விற்கும் அலுமினியக் கட்டைகளை விசாரிக்கலாம். அப்படி மாற்றிய பிறகும் மொத்தச் செலவு புதிய துப்பாக்கியின் விலையில் பாதியைத் தொடுவது அரிது.

பழையதைப் பார்க்கப் போகும்போது போல்ட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். ஊசிமுனை தேய்ந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அதை மாற்றிவிடலாம். தோட்டா அறையின் வாயில் பள்ளம் இருந்தால் அதைச் சரிசெய்யத் துப்பாக்கிக் கைவினைஞர் வேண்டும், அந்தக் கூலியையும் கழியுங்கள். பிரித்துக் காட்டவே மறுத்தால் அடுத்த விளம்பரத்தைப் பார்ப்பது நல்லது. 1413 அவ்வளவு அரிய பொருள் அல்ல.