கேன் ஹில், டார்டெபிக், ஃபாக்ஸ்டன்: ஒரு நாளை எந்த லாக்குகளுக்குக் கொடுப்பது?

வாடகைக்கு எடுத்த நேரோபோட்டை, அதாவது குறுகிய நீள்படகை, இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓட்டுவதற்கு உரிமம் தேவையில்லை. அதனால் லாக்குகளை (இரு முனைகளிலும் கதவுகளுள்ள, நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் அறைகளை) கடந்து செல்லும் ஒரு நாள் பயணத்துக்குத் திட்டமிடும் பலர், லாக்குகளின் எண்ணிக்கையையும் புகைப்படங்களையும் மட்டும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அடுக்கடுக்கான லாக்குகளுக்குப் பெயர்பெற்ற மூன்று இடங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், லாக்கின் அகலம், உடன் வரும் ஆட்கள், படகை மாலைக்குள் திருப்பித் தர வேண்டுமா என்ற மூன்றும்தான் நாளின் போக்கைத் தீர்மானிக்கின்றன என்பது தெரியவரும்.

புகைப்படத்தில் வெல்வது கேன் ஹில். வில்ட்ஷயரில் டிவைசிஸ் ஊரை ஒட்டி, கென்னட் அண்ட் ஏவன் கால்வாய் 29 லாக்குகளின் வழியே சுமார் 3.2 கிலோமீட்டருக்குள் 72 மீட்டர் உயரம் ஏறுகிறது. இவற்றுள் நடுவிலுள்ள 16 லாக்குகள் மலைச்சரிவில் ஒரே நேர்கோட்டில் அமைந்தவை. சரிவு மிகச் செங்குத்தாக இருப்பதால் ஒரு லாக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் போதிய நீரைத் தேக்கிவைக்க இடமில்லை; ஆகவே பொறியாளர் ஜான் ரென்னி, ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் ஒரு குளத்தை அமைத்தார். 1810-இல் முடிந்த இந்தக் கால்வாய் பின்னர் பல்லாண்டுகள் பாழடைந்து கிடந்து, 1990-இல் எலிசபெத் அரசியால் மீண்டும் திறந்துவைக்கப்பட்டது.

காட்சி அழகானதுதான், உழைப்போ கடுமையானது. இவை அகல லாக்குகள், ஏறத்தாழ 4.3 மீட்டர். நேரோபோட்டின் அகலம் அதில் பாதிதான் என்பதால், தனியாக நுழையும் படகு நீர் பாயும்போது பக்கவாட்டில் அலைக்கழிக்கப்படும். கயிற்றை ஒருவர் விடாமல் பிடித்திருக்க வேண்டும். இரு முனைகளிலும் கனமான இரட்டைக் கதவுகள் உள்ளன. மற்றொரு படகு துணைக்குக் கிடைத்தால் இரண்டும் ஒட்டியபடி ஒன்றாக ஏறலாம்; வேலையும் நீரும் பாதியாகும். துணை கிடைக்காத இருவர் இங்கே வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முழு வரிசையையும் கடக்க ஐந்து ஆறு மணி நேரம் ஆகும் என்பதோடு, நுழைவதற்கு நேரக் கட்டுப்பாடும் உண்டு.

வூஸ்டர் அண்ட் பர்மிங்ஹாம் கால்வாயிலுள்ள டார்டெபிக்கில் ஒரு லாக் கூடுதல்: மொத்தம் 30, ஏற்றம் 67 மீட்டர். பிரிட்டனின் மிக நீண்ட லாக் வரிசை இதுவே. இருந்தும் இருவர் மட்டும் செல்லும் படகுக்கு இதுதான் எளிது; காரணம் அகலம். இவை நேரோபோட்டுக்கென்றே அளவெடுத்துக் கட்டப்பட்ட குறுகிய லாக்குகள் ஆதலால், சுவர்களே படகை நேராகப் பிடித்துக்கொள்கின்றன. ஒருவர் சுக்கானைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் விண்ட்லாஸ் எனப்படும் இரும்புக் கைப்பிடியோடு முன்னே நடந்து அடுத்த லாக்கைத் தயார்செய்யலாம். சில லாக்குகளுக்குப் பின் இந்த வேலை ஒரு தாளத்துக்கு வந்துவிடும். கேன் ஹில்லைப் போல முழு வரிசையும் ஒரே பார்வையில் தெரியாது; வயல்களுக்கிடையே கால்வாய் வளைந்து வளைந்து ஏறுகிறது. இனி எத்தனை பாக்கி என்பது கண்ணில் படாமலிருப்பது, என் கணிப்பில், ஒரு சலுகையே. உச்சியிலுள்ள லாக் (கால்வாய் முழுவதற்குமான எண்ணிக்கையில் 58-ஆம் எண்), முன்பு படகுத்தூக்கி ஒன்றைச் சோதித்துப் பார்த்த இடத்தில் கட்டப்பட்டது. அதனால்தான் அது மற்றவற்றைவிட ஆழமானது.

ஆனால் ஒரே நாளுக்கு வாடகைக்கு எடுப்பவருக்கு மேற்கூறிய இரண்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏறி முடிப்பதற்குள் பொழுதில் பெரும்பகுதி போய்விடும். அதே லாக்குகளில் இறங்கிப் படகை ஒப்படைக்க நேரம் இராது. அவ்விரண்டும் வாரப் பயணத்தின் நடுவில் ஒரு நாளாக வர வேண்டியவை.

ஃபாக்ஸ்டன் இங்கே முந்துகிறது. லெஸ்டர்ஷயரில் 1814-இல் திறக்கப்பட்ட இந்த இடத்தில் பத்தே லாக்குகள், ஐந்தைந்தாக இரண்டு படிக்கட்டுகள், ஏற்றம் 23 மீட்டர். ஒரு லாக்கின் மேற்கதவே அடுத்ததன் கீழ்க்கதவாக இருப்பதால் படகு இடையில் நிற்காமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும். நீரைப் பக்கக் குளங்கள் வாங்கி வழங்குகின்றன. சிவப்பு வண்ணம் பூசிய மதகை முதலில் திறந்து கீழ் அறையை நிரப்ப வேண்டும். பிறகே வெள்ளை மதகைத் திறந்து மேல் அறையை வடிக்க வேண்டும். வரிசை மாறினால் நீர் வழிந்தோடும். லாக் காவலர்கள் மேற்பார்வையிடுவதால் புதியவர்களும் அஞ்ச வேண்டியதில்லை. முறை வந்தபின் ஏற ஏறத்தாழ ஒரு மணி நேரம் போதும்.

குறை, அந்த முறைக்காகக் காத்திருப்பதுதான். படிக்கட்டின் நடுவே எதிரெதிராக வரும் படகுகள் விலக முடியாது என்பதால், இரு படிக்கட்டுகளுக்கும் இடையிலுள்ள சிறு நீர்ப்பரப்பைத்தான் அதற்கு நம்பியிருக்க வேண்டும். இந்த நெரிசல் பழையது. அதைத் தீர்க்கவே 1900-இல் அருகிலேயே படகுகளைச் சரிவில் இழுத்தேற்றும் நீராவி இயந்திரம் நிறுவப்பட்டது. எதிர்பார்த்த போக்குவரத்து வராததால் 1911-இல் அது கைவிடப்பட்டது. கோடைக்கால வார இறுதியைத் தவிர்த்து, காலையிலேயே காவலரிடம் பெயரைப் பதிந்துவிடுவது நல்லது. நாள் வாடகைப் படகுகளை லாக்குக்குள் கொண்டுசெல்லச் சில நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை என்பதால், முன்பதிவுக்கு முன்பே இதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.