டாக்யார்ட் ரோடு முதல் சிவ்ரி வரை: மனக்காட்சிப் பயிற்சியுடன் இருபது மாதங்கள்

விஷுவலைசேஷன் என்று பரவலாகச் சொல்லப்படும் மனக்காட்சிப் பயிற்சியை 2024 ஜனவரியில் தொடங்கினேன். நடுவில் ஒரு மழைக்காலம் முழுவதும் விட்டுப்போயிற்று. மற்றபடி இருபது மாதங்களாகச் செய்துவருகிறேன். எனக்கு மும்பையில் ஃபோர்ட் பகுதியிலுள்ள ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை, வீடு செம்பூரில். மாற்றிக்கொள்ள நினைத்த பழக்கங்கள் மூன்று: இரவில் மகனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது கத்துவது, தணிக்கையாளர்களுடனான கூட்டத்தில் வாயடைத்துப்போவது, மாலையில் ரயிலேறுமுன் வடாபாவ் தின்பது. ஒன்றில் நல்ல பலன் கிடைத்தது, ஒன்றில் நிலைமை கொஞ்ச காலம் மோசமானது, ஒன்றுக்கு இந்தப் பயிற்சியே தேவைப்படவில்லை.

முதல் மூன்று மாதங்களை ஒரு கட்டணச் செயலிக்குக் கொடுத்தேன். நான் ஒரு கடற்கரையில் நிற்பதாகவும், தொலைவில் ஓர் ஒளி தெரிவதாகவும், அந்த ஒளிக்குள்ளிருந்து நான் ஆக விரும்பும் மனிதன் நடந்துவருவதாகவும் எண்ணச் சொல்லி அதில் ஒரு குரல் பேசும். எனக்குத் தெரிந்த கடற்கரைகள் ஜுஹுவும் சௌபாத்தியும்தான். அங்கே ஒளிக்குள்ளிருந்து நடந்துவருபவர் பெரும்பாலும் பேல்பூரிக்காரராகத்தான் இருப்பார். ஆனாலும் சிரத்தையாகவே செய்தேன். அலமாரிக் கதவின் உட்புறத்தில் படங்கள்கூட ஒட்டினேன்: சிரித்தபடி ஒரு தந்தையும் மகனும், மேடையில் பேசும் ஒருவர், ஒல்லியான ஒருவர். பயிற்சி முடியும்போது மனம் நிறைந்திருக்கும். அன்று இரவும் கத்துவேன். மூன்றாம் மாதக் கடைசியில் என் மனைவி அதே கதவில் இஸ்திரிக்காரர் கணக்கை எழுதி ஒட்டிவிட்டார். ஒல்லியான மனிதரின் முகத்தின் மேல் ஏழு சட்டை, மூன்று சேலை என்று இருந்தது. சந்தாவை நிறுத்த மறந்ததால் செயலிக்காரர்கள் அடுத்த ஆண்டுக்கும் பணம் எடுத்துக்கொண்டது தனி வருத்தம்.

மனம் நிறைந்துபோனதுதான் கோளாறு என்பது பிறகு படித்தபோது புரிந்தது. எடைக் குறைப்புத் திட்டம் ஒன்றில் சேர்ந்த பெண்களை ஆராய்ந்து, கேப்ரியேலே ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் தாமஸ் வாடனுடன் சேர்ந்து 1991இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தம்மால் முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் கூடுதலாக எடை இழந்திருந்தார்கள். மெலிந்துவிட்ட எதிர்காலத்தை இனிக்க இனிக்கக் கற்பனை செய்தவர்களோ குறைவாகவே இழந்திருந்தார்கள். 1999இல் உளவியலாளர்கள் ஷெல்லி டெய்லரும் லியென் ஃபாமும் தேர்வு எழுதவிருந்த மாணவர்களை வைத்துச் செய்த சோதனையும் இதே திசையில்தான் போகிறது. நல்ல மதிப்பெண் வாங்கி மகிழ்வதை நாள்தோறும் மனத்தில் பார்த்தவர்களைவிட, எங்கே உட்கார்ந்து எப்படிப் படிப்போம் என்பதைப் பார்த்தவர்கள் முன்கூட்டியே படிக்கத் தொடங்கினார்கள். மதிப்பெண்ணும் கூடுதலாக வாங்கினார்கள்.

இதைப் படித்த சில நாட்களில் செம்பூர் செட்டா நகர் முருகன் கோவிலில் நாயன்மார் பூசலாரின் கதையைச் சொல்லக் கேட்டேன். சிறுவயதிலிருந்து தெரிந்த கதைதான் என்றாலும் அன்றுதான் ஒன்று கவனத்தில் பட்டது. திருநின்றவூர்ப் பூசலார், கட்டி முடித்த கோவிலை எண்ணி மகிழ்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பொருள் சேர்த்தார், தச்சர்களைத் தேடினார், நாள் பார்த்து அடிநிலை எடுத்தார், சுதை பூசினார், கிணறு தோண்டினார், மதில் எழுப்பினார், குளம் வெட்டினார். எல்லாவற்றையும் மனத்துக்குள்ளேயே, இரவிலும் உறங்காமல், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தார். இறைவன் கனவில் வந்து சொல்ல, காஞ்சியில் கற்கோவில் கட்டிய மன்னன் அவரைத் தேடி வந்தது அதற்கெல்லாம் பிறகுதான். நானோ குடமுழுக்கை மட்டும் மூன்று மாதங்களாக நடத்திக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் செயலியை விட்டுவிட்டு, சாப்பாட்டு மேசையில் நடப்பதை அப்படியே காட்சியாக எடுத்துக்கொண்டேன். மகன் அப்போது நான்காம் வகுப்பு முடிக்கும் தறுவாயில் இருந்தான்; நெடுவகுத்தல் கணக்கு. மேசை விரிப்பின் மேல் ரப்பர்த் துகள்கள் கிடக்கும். ஓர் இலக்கத்தை வகுத்து, பெருக்கி, கழித்துவிடுவான். அடுத்த இலக்கத்தைக் கீழே இறக்க மறந்துவிடுவான். மறந்தது அவனுக்கே தெரியும். அந்தக் கணத்தில் நோட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பான். எனக்குக் காதுமடல் சூடாகும். அடுத்ததாக என் குரல் உயரும், அவன் தாள் கிழியும்வரை அழிப்பான். சிரித்த முகத் தந்தையின் படத்தில் இந்தக் காதுமடலுக்கு இடமே இருக்கவில்லை. புதிய காட்சியில் அதற்குத்தான் முதலிடம் கொடுத்தேன்: அவன் நிமிர்கிறான், காது சூடாகிறது, நான் பென்சிலை மேசையில் வைக்கிறேன், வலக்கைப் பக்கம் இருக்கும் டம்ளரை எடுத்து முழுத் தண்ணீரையும் குடிக்கிறேன், அதன் பிறகே பேசுகிறேன். ‘இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவைக்கும் இந்த முறையை விரிவாக ஆராய்ந்தவர் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். ஓட்டிங்கன் இதையும் சேர்த்தே விருப்பம், விளைவு, தடை, திட்டம் என்ற நான்கு படிகளை அமைத்தார்.

செய்யும் நேரமும் முக்கியம் என்பதைத் தற்செயலாகத்தான் கண்டுகொண்டேன். காலையில் செய்தால், இரவு ஒன்பது மணிக்குள் அலுவலகம் அதை அழித்துவிடுகிறது. அதனால் திரும்பும் பயணத்துக்கு மாற்றினேன். நான் ஏறும் சிஎஸ்எம்டி நிலையத்திலேயே வண்டி புறப்படுவதால் கொஞ்சம் முண்டினால் உட்கார இடம் கிடைக்கும். மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆளாகப் பாதி உடம்புடன் தொங்குகிற நாட்களில் எந்தக் காட்சியும் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டாக்யார்ட் ரோடு நிலையத்தில் கண்ணை மூடுவேன். ரே ரோடு, காட்டன் கிரீன் தாண்டி சிவ்ரியில் திறப்பேன். வடாலாவில் கூட்டம் ஏறிவிடும் என்பதால் அதற்கு மேல் இழுக்க முடியாது. அந்தக் கட்டாயமே நல்லதாயிற்று. கத்திய நாட்களை நாட்காட்டியில் பெருக்கல் குறி போட்டுக் குறித்துவந்தேன். மார்ச்சில் வாரத்துக்கு நான்கைந்து குறிகள். ஜூனில் ஒன்று, சில வாரங்களில் இரண்டு. ஒருநாள் மகன் நிமிர்ந்து பார்த்து, “அப்பா, இப்போ கத்தப் போறீங்களா, தண்ணி குடிக்கப் போறீங்களா?” என்று கேட்டான். இரண்டுமில்லாமல் சிரித்துவிட்டேன், அது எந்தக் காட்சியிலும் இல்லாதது.

இதைப் படித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஜூலையில் குர்லாவுக்கும் சுனாபட்டிக்கும் இடையே தண்டவாளத்தில் தண்ணீர் நின்று வண்டிகள் முடங்கத் தொடங்கியதும் பயிற்சி நின்றது. செப்டம்பர்வரை திரும்பவில்லை, பெருக்கல் குறிகள் திரும்பின. மீண்டும் தொடங்கியபோது வேறொரு சிக்கல் வந்தது. காட்சி மனப்பாடமாகிவிட்டது. ரே ரோடு வருமுன்பே தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, மனம் மாதம் 20ஆம் தேதிக்குள் போக வேண்டிய ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி வரிக் கணக்கைப் பார்க்கப் போய்விடும். அர்த்தம் தெரியாமல் மந்திரம் ஒப்பிப்பது போல்தான் அது. இப்போது முந்தைய இரவில் உண்மையில் நடந்த ஏதாவதொன்றைக் காட்சிக்குள் புதிதாகச் சேர்க்கிறேன்: மின்விசிறி காற்றில் நோட்டு புரண்டது, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம், என் பசி. பழைய காட்சிக்கு ஆறு வாரத்துக்கு மேல் ஆயுள் இல்லை என்பது என் அனுபவம்.

கூட்டங்கள் விஷயத்தில் இதே முறை முதலில் என்மீதே திரும்பியது. தடையைக் காட்சியில் சேர்க்க வேண்டும் என்று கற்றுக்கொண்ட உற்சாகத்தில், தணிக்கையாளர் இந்தியில் அடுக்கடுக்காகக் கேட்பதையும் எனக்குச் சொல் வராமல் போவதையும் இரண்டு வாரம் மிகத் துல்லியமாகப் பார்த்தேன். கூட்டத்துக்குப் போனபோது வாயடைத்துப்போவதற்கு நன்றாகவே பழகியிருந்தேன். கவலைப்படுவதும் ஒரு மனக்காட்சிப் பயிற்சிதானே. அதை நம்மில் பலர் காசு கொடுக்காமலே செய்கிறோம். தடையில் காட்சி நின்றுவிடக் கூடாது, என் செயலில்தான் முடிய வேண்டும் என்று மாற்றியமைத்த பிறகு ஓரளவு சரியானது. கேள்வி வருகிறது, நான் கோப்பின் முதல் பக்கத்தைத் திருப்புகிறேன், “ஏக் மினிட்” என்கிறேன், எண்ணைப் படிக்கிறேன், இவ்வளவுதான் காட்சி. இன்றும் நான் பேச்சாளன் அல்ல. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன்.

வடாபாவுக்காக ஒரு மாதம் கண்ணை மூடியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எண்ணெய்ச் சட்டியின் வாசனைக்கு எதிராக எந்தக் காட்சியும் நிற்பதில்லை; அதை மனத்தில் பார்க்கப் பார்க்க நாக்குதான் ஊறியது. கடைசியில் நிலையத்துக்குள் வேறு வாசல் வழியாகப் போகத் தொடங்கினேன், முடிந்தது. இடத்தை மாற்ற முடிகிறபோது மனத்தை மாற்றப் பாடுபடுவது நேர விரயம் என்பேன்.

என் மனைவிக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். இரண்டு நாள் முயன்றுவிட்டு, “கண்ணை மூடினா எனக்கு இருட்டுதாங்க தெரியுது. அடுப்படி எப்படி இருக்கும்னு தெரியும், ஆனா பார்க்க முடியலை” என்றார். சாக்குச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அது என் அறியாமை. அன்று காலை உணவு உண்ட மேசையை மனத்தில் கொண்டுவரச் சொல்லி ஆங்கிலேய அறிவியலாளர் ஃபிரான்சிஸ் கால்டன் பலரிடம் கேட்டு 1880இல் எழுதியபோதே, அப்படி எந்தப் படமும் தெரியவில்லை என்றவர்கள் இருந்தார்கள். இத்தன்மைக்கு ‘அஃபான்டேசியா’ என்று 2015இல் பெயரிட்டவர் நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமன். இரவில் வெகுநேரம் போன் பார்ப்பதை நிறுத்த நினைத்த என் மனைவி, “பாலுக்கு உறை ஊற்றியதும் போனைக் கூடத்தில் வைப்பேன்” என்று ஒரே ஒரு வரியைச் சமையலறை நாட்காட்டியில் எழுதினார். படம் எதுவும் இல்லாமலே அவருக்கு அது நடக்கிறது. என்னைவிடத் தவறாமல் நடக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது வாரத்தில் மூன்று நாட்கள், உட்கார இடம் கிடைத்தால் மட்டும் செய்கிறேன். மகன் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டான். பின்னக் கணக்கு தொடங்கியிருக்கிறது. பழைய காட்சியில் வகுத்தல் மட்டுமே இருப்பதால் போன வாரம் இரண்டு பெருக்கல் குறிகள் விழுந்தன, காட்சியை அடிநிலையிலிருந்து மறுபடி எடுத்துக்கொண்டிருக்கிறேன். தொகுதிகளைக் கூட்டுவான், அதே வேகத்தில் பகுதிகளையும் கூட்டிவிடுவான், கூட்டிவிட்டு நிமிர்வான் என்பதுவரை நேற்று சிவ்ரி வருவதற்குள் முடித்தேன்.