செக்கு எண்ணெய் விற்க பிளாக்கர் போதுமா?

வெள்ளகோவில் பக்கம் எங்களுக்கு ஒரு மரச்செக்கு இருக்கிறது. கடலை, எள், தேங்காய் மூன்றும் ஆட்டுகிறோம். கடைக்கு ஒரு இணையதளம் வேண்டும் என்று, தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ், கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாக்கர் இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, பிளாக்கரிலேயே நின்றுவிட்டேன். கடை நடத்துகிறவர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறேன். கவிதை எழுதுகிறவர்களுக்குக் கணக்கே வேறு.

பிளாக்கர் பழைய சரக்கு. 1999இல் பைரா லேப்ஸ் தொடங்கியது, 2003இல் கூகுள் வாங்கியது. புதிதாகப் பெரிய வசதி எதுவும் வருவதில்லை. 2020இல் எழுதும் பக்கத்தைக் கைபேசிக்கு ஏற்றபடி மாற்றினார்கள். எனக்கு அதுவே போதும். செக்கு ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்தே எழுதிவிடுகிறேன். காசு கிடையாது. வேர்ட்பிரஸை நாமே இணையத்தில் வாடகை இடம் (ஹோஸ்டிங்) பிடித்து வைத்தால் அழகாக, வசதியாக இருக்கும். ஆனால் அப்டேட், பேக்கப் என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த யாராவது நான்தான்.

பிளாக்கர் இலவசமாகத் தரும் பிளாக்ஸ்பாட் முகவரியில் மட்டும் கடை வைக்காதீர்கள். இந்திய வாசகர்களை 2012 முதல் சில ஆண்டுகள் 'பிளாக்ஸ்பாட்.இன்' முகவரிக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தப் பெயரே 2020இல் கூகுளின் கையை விட்டுப் போய், பழைய இணைப்புகள் பல திறக்காமல் போயின. ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்கு சொந்தமாக ஒரு தளப் பெயர் (டொமைன்) வாங்கி பிளாக்கரோடு இணைத்துவிடலாம்; பூட்டுக் குறியோடு பாதுகாப்பாகத் திறக்கும் வசதியை அவர்களே இலவசமாகத் தருகிறார்கள். பெயரை உங்கள் பெயரில் பதியுங்கள். திருப்பூரில் பனியன் தைக்கும் என் அக்கா மகனுக்குத் தளம் போட்டுக் கொடுத்தவர்கள் அதைத் தங்கள் பெயரில் பதிந்துவிட்டார்கள். இன்றைக்கு வரை பையன் அவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறான்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால், பிளாக்கர் அந்தப் பக்கத்துக்கு 'பிளாக்-போஸ்ட்' என்று ஒரு மொட்டை முகவரி கொடுத்துவிடும். வேர்ட்பிரஸில் தமிழ் அப்படியே நிற்கும். ஆனால் அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பெரும்பாலும் ஓர் எழுத்துக்கு ஒன்பது, பதினெட்டு குறிகள் என்று வால் நீண்டுவிடும். பார்க்கிறவர் வைரஸ் என்று நினைப்பார். இரண்டிலுமே வெளியிடும் முன் முகவரியை ஆங்கில எழுத்தில் நாமே அடித்துவிடுவது நல்லது. பிளாக்கரில் வெளியிட்ட பிறகு நேரடியாக மாற்ற முடியாது.

சரி, எழுதுவது என்ன? 'எங்கள் எண்ணெய் தூய்மையானது' என்று எழுதினால் ஒருவரும் வரமாட்டார்கள். கடைக்கு வருகிறவர்கள் கேட்பதை எழுதுங்கள். "ஏனுங்க, அடியில மண்டி நிக்குதே, பழைய எண்ணெயா?" இது வாரம் தவறாமல் வரும் கேள்வி. செக்கில் ஆட்டியதை வெயிலில் வைத்துத் தெளிய விட்டு, துணியில் வடிக்கிறோம். ரீபைண்டு எண்ணெய் போலச் சுத்திகரிப்பதில்லை, அதனால் கொஞ்சம் அடியில் தங்கும். இதைப் படங்களோடு எழுதினேன். எள் ஆட்டும்போது கருப்பட்டி ஏன் போடுகிறோம் என்று ஒன்று. ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு போகிறது என்று கணக்குப் போட்டு, விலை ஏன் இவ்வளவு என்று ஒன்று. அதைப் படித்த பிறகு பேரம் பேசுகிறவர்கள் குறைந்தார்கள், முழுக்க நிற்கவில்லை. கொங்கு நாட்டில் அது நடக்காது.

எந்தக் கேள்விக்கு நம் பக்கம் கூகுளில் வருகிறது என்பதை கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவியில் பார்க்கலாம், அதுவும் இலவசம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும் என்பதால், மார்கழியில் 'எண்ணெய் உறைந்தால் கலப்படமா' என்று தேடி வருகிறவர்கள் கூடுகிறார்கள். அந்தப் பதிவை ஐப்பசியிலேயே தூசி தட்டி வைத்துவிடுவேன்.

பிளாக்கரில் கூடை, பணம் கட்டும் வசதி கிடையாது. பதிவின் கடைசியில் வாட்ஸ்அப் இணைப்பு ஒன்று வைத்திருக்கிறேன். அதைத் தொட்டால் 'மண்டி பற்றிப் படித்தேன், எண்ணெய் வேண்டும்' என்ற வரி எங்களுக்கு அனுப்பத் தயாராக எழுதப்பட்டிருக்கும். பதிவுக்குப் பதிவு அந்த வரியை மாற்றி வைத்தால், எந்த எழுத்து எந்த வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது என்று தெரிந்துவிடும். இதற்காக யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை.

நம் தளத்தில் விளம்பரம் போட்டுக் காசு தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழுக்கும் உண்டு. கடைத் தளத்தில் போடாதீர்கள். உங்கள் பக்கத்திலேயே அடுத்தவன் எண்ணெய் விளம்பரம் வந்து நிற்கும். பிளாக்கரில் புதுப் பதிவு வாசகர்களுக்கு மின்னஞ்சலில் போய்ச் சேரும் வசதியும் 2021இல் நின்றுவிட்டது. அந்த வேலையை வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியல் செய்கிறது.

நூறு வகைச் சேலை, அளவுவாரியாகச் சட்டை விற்கிறவர்களுக்கு பிளாக்கர் ஆகாது. வேர்ட்பிரஸில் வூகாமர்ஸ் என்ற கடைச் செருகுநிரலைப் போட்டுக்கொள்ளுங்கள். நாலைந்து பொருள் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றைப் பற்றியும் நிறையச் சொல்ல இருக்கிறவர்களுக்கு இது போதும். அமைப்புகளில் உள்ள பேக்கப்பை மட்டும் அவ்வப்போது இறக்கி வையுங்கள். பின்னாளில் வேர்ட்பிரஸுக்கு மாற நினைத்தால் அந்தக் கோப்பை அங்கே ஏற்றிக்கொள்ளலாம்.