முழங்கால் தேய்மானம்: பட்டியா, பயிற்சியா?

முழங்கால் தேய்மானம் என்று வைத்தியர் சொன்ன கையோடு, வெள்ளவத்தைப் பார்மசியில் ஒரு நியோபிரீன் (இறப்பர் போன்ற இழுபடும் துணி) உறை வாங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். மாட்டினதும் காலுக்குத் தெம்பு வருவது உண்மைதான். ஆனால் அந்த உறை சூட்டைத் தேக்கி மூட்டுக்கு ஒரு பிடிமானத்தைத் தருகிறதே தவிர, மூட்டில் விழும் பாரத்தைக் குறைப்பதில்லை.

பாரத்தை மாற்றுவது உலோகப் பிணைச்சல் வைத்த 'அன்லோடர்' பிரேஸ் என்னும் தாங்குபட்டி. விலையும் பல மடங்கு. உட்பக்கம் மட்டும் தேய்ந்து கால் வில்லாக வளைந்தவர்களுக்கே அது பெரிதும் உதவும். முழங்கால் சிரட்டைக்குப் பின்னால் நோகிறவர் அதற்குக் காசைக் கொட்ட வேண்டாம். எந்தப் பக்கம் தேய்ந்தது என்பது நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில்தான் சரியாகத் தெரியும். படுத்து எடுத்தால் மூட்டு இடைவெளி அகலமாகக் காட்டி ஏமாற்றும்.

பிரேஸைக் கதிரையில் இருந்துகொண்டு, முழங்காலைச் சற்று மடித்துப் போடுங்கள். பிணைச்சல் சிரட்டையின் மட்டத்தில் நிற்க, முதலில் கெண்டைக்கால் பட்டியை இறுக்குங்கள். அது தளர்ந்திருந்தால் நாலு எட்டு வைப்பதற்குள் முழுதும் கீழே சரிந்துவிடும். முதல் நாள் ஒரு மணித்தியாலம் போதும். கொழும்பின் புழுக்கத்தில் வியர்வை தேங்கித் தோல் அவிந்துபோகும், எனவே உறையைத் தினமும் கழுவி நிழலில் காயவிடுங்கள். இரவில் கழற்றிவிட வேண்டும். நீரிழிவால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எதையும் இறுக்கிக் கட்டக்கூடாது.

பயிற்சியின் கதை வேறு. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் நிறுவனத்தின் 2022 வழிகாட்டி பிரேஸை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. அமெரிக்க வாதநோய் வைத்தியர்களின் 2019 வழிகாட்டி, நடையும் உறுதியும் கெட்டவர்களுக்கு அதை வலுவாகப் பரிந்துரைக்கிறது. பயிற்சி வேண்டும் என்பதில் இரண்டுக்கும் பேதமில்லை. முன்தொடைத் தசை பலமானால் ஒவ்வொரு எட்டிலும் விழும் அதிர்ச்சியை அது தாங்கிக்கொள்ளும்.

கட்டிலில் காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே சுருட்டிய துவாயை வையுங்கள். அதை 5 விநாடி அழுத்துங்கள், 10 தடவை. பிறகு மற்றக் காலை மடித்துக்கொண்டு, நீட்டிய காலை ஓரடி உயர்த்தி 5 விநாடி பிடியுங்கள். மூன்றாவது கதிரைப் பயிற்சி, எல்லாவற்றிலும் பயனுள்ளது இதுதான்: கைகளை நெஞ்சில் கட்டி எழும்புங்கள், மூன்று எண்ணி மெல்ல இருங்கள். கடினமென்றால் தலையணை போட்டு இருக்கையை உயர்த்தலாம். பத்துப் பத்தாக இரண்டு சுற்று, கிழமைக்கு மூன்று நாள். இருக்கும்போது தொப்பென்று விழுவதும், முழங்கால்கள் உள்ளே சாய்வதும் வழமையான பிழைகள். சாய்ந்தால் இடுப்புப் பக்கத் தசையும் பலவீனம். ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்கிப் பழக வேண்டும்.

தாங்கவே முடியாத நோவைப் பத்து என்று வைத்தால், ஐந்து வரையான நோவு பயப்பட வேண்டியதல்ல. அடுத்த நாளும் அது அடங்காமல் முழங்கால் வீங்கினால் எண்ணிக்கையைக் குறையுங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு கிழமையில் பலன் தெரியவில்லை என்று நிறுத்துவதுதான் பெரிய இழப்பு. தசை பலப்பட 6 முதல் 12 கிழமை எடுக்கும்.

ஆகவே முதல் தெரிவு பயிற்சி. நோவால் அதையே தொடங்க முடியாதவர், மாடிப்படி ஏறி இறங்கியே ஆகவேண்டியவர், காலிமுகத்திடலில் நடக்கும்போது கால் நழுவுகிறது என்பவர், அந்த நேரத்துக்கு மட்டும் பிரேஸ் போடலாம். அதற்கும் வசதியில்லையென்றால், நோகாத பக்கக் கையில் ஒரு ஊன்றுகோல் மலிவாக அதே உதவியைச் செய்யும். பிடி மணிக்கட்டு உயரத்தில் இருக்கட்டும். முழங்கால் சூடாகிச் சிவந்து காய்ச்சலும் வந்தால், அல்லது கெண்டைக்கால் திடீரென வீங்கி நொந்தால், பயிற்சியையும் பிரேஸையும் நிறுத்திவிட்டு அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.