கோட்டாற்றுக் கண்ணாடிப் பட்டறையில் கிளெவெஞ்சர் கருவியைப் பழுதுபார்த்த அனுபவம்

நாகர்கோவிலில் கோட்டாறு கடைத்தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், பெயர்ப்பலகை இல்லாத கண்ணாடி ஊதும் பட்டறை ஒன்று இருக்கிறது. ஆய்வகக் கருவிகளைப் பழுதுபார்ப்பதும், வரைபடம் கொடுத்தால் புதிதாகச் செய்து தருவதும் அங்கே நடக்கும் வேலை. அதை நடத்தும் பெரியவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே சுடரின் முன் உட்கார்ந்திருக்கிறார். கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் நான் இந்த ஆண்டு மூன்று கருவிகளை அவரிடம் கொடுத்து வாங்கினேன். அவற்றுள் ஒன்றைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அது, நறுமணப் பொருள்களில் உள்ள எண்ணெயின் அளவைக் காணும் கிளெவெஞ்சர் கருவி. மாறாமலைத் தோட்டங்களிலிருந்து வரும் கிராம்பை மாணவிகள் அதில் தண்ணீரோடு இட்டுக் காய்ச்சுவார்கள்; ஆவியோடு வரும் எண்ணெய் குளிர்ந்து அளவுக்குழாயில் சேரும், தண்ணீர் குடுவைக்கே திரும்பும். நல்ல கிராம்பில் 15 முதல் 20 விழுக்காடு வரை எண்ணெய் இருக்கும் என்று பாடம் நடத்துவோம். எங்கள் கருவியோ ஆண்டுதோறும் அதைவிட மிகக் குறைவாகவே காட்டிவந்தது. கிராம்பு பழையது என்றோ மாணவிகளின் கவனக்குறைவு என்றோ சமாதானம் சொல்லிக்கொண்டோம். உடைந்த பக்கக் குழாயோடு கருவியை மேசைமேல் வைத்ததும், பெரியவர் முதலில் கேட்டது என்ன எண்ணெய் எடுக்கிறோம் என்பதைத்தான். விடையைக் கேட்டதும் சிரித்துவிட்டு, “இது மிதக்கிற எண்ணெய்க்கு உள்ள சாமானம் டீச்சர், கிராம்பெண்ணெ முங்கும்லா?” என்றார். யூஜினால் என்னும் வேதிப்பொருள் மிகுந்த கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடச் சற்று அடர்த்தியானது. ஆகவே அது அளவுக்குழாயின் அடியில் இறங்கி, தண்ணீர் திரும்பிச் செல்வதற்கான வழியிலேயே மீண்டும் குடுவைக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. இந்தக் கருவியை வடிவமைத்த கிளெவெஞ்சர் 1928ஆம் ஆண்டிலேயே மிதக்கும் எண்ணெய்க்கு ஒன்று, மூழ்கும் எண்ணெய்க்கு ஒன்று என இரண்டு வடிவங்களைத் தந்திருந்தார். வகுப்பில் அடர்த்தி பற்றிப் பேசும் எனக்கு இது தோன்றாமல் போனதை வெட்கத்துடன்தான் எழுதுகிறேன்.

கருவியை மூழ்கும் எண்ணெய்க்கு ஏற்ப மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்ட அவர், உடனே சுடரை ஏற்றிவிடவில்லை. உடைந்த சில்லு ஒன்றை எடுத்து, கிளிசரின் ஊற்றிய குப்பியில் போட்டார். சில்லு இருந்த இடமே தெரியவில்லை. ஆய்வகக் கருவிகளுக்குப் பயன்படும், சூடு தாங்கும் போரோசிலிக்கேட் கண்ணாடியும் கிளிசரினும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒளியை வளைப்பதால் இப்படி நேர்கிறது. சாதாரணக் கண்ணாடி என்றால் விளிம்பு தெரிந்திருக்கும். வெப்பத்தில் சாதாரணக் கண்ணாடி போரோசிலிக்கேட்டைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் விரிவடைவதால், இரண்டையும் ஒட்டினால் ஆறும்போதே பிளந்துவிடும். இதற்கு முன் வேறோர் ஊரில் பழுதுபார்த்து வாங்கிய குடுவை ஒன்று, வெப்பக்கூட்டில் வைத்த மூன்றாம் வாரமே இணைப்பில் விரிசல் விட்டதை நான் இங்கே நினைத்துக்கொண்டேன். அங்கே யாரும் கிளிசரின் குப்பியை எடுக்கவில்லை.

இணைப்பு வேலையைப் பார்க்க அனுமதித்தார். சூடேறிய கண்ணாடியில் உள்ள சோடியம் மஞ்சளாக எரிந்து கண்ணை மறைக்கும். அந்த மஞ்சளை மட்டும் வடிகட்டும் டிடிமியம் கண்ணாடியை எனக்கும் ஒன்று கொடுத்தார். இரண்டு குழாய்களும் இரண்டு கைகளில், ஒரே வேகத்தில் சுழல வேண்டும். ஒரு கை சற்றுப் பிந்தினாலும் இளகிய பகுதி முறுக்கிக்கொள்ளும். வாயில் கவ்விய ரப்பர் குழாய் வழியாக அவர் ஊதிய மூச்சு, பேச்சின் நடுவே விடும் மூச்சைவிடப் பெரிதாக இல்லை. அளவுக்கோடுகள் உள்ள பகுதியில் சூடு பட்டால் குழாயின் கொள்ளளவு மாறிவிடும் என்று, இணைப்பை அங்கிருந்து தள்ளியே போட்டார். அப்படியும், தண்ணீரை எடைபோட்டு அளவைச் சரிபார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்று இருமுறை சொன்னார். முடிந்த கருவி ஏறத்தாழ 560 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உலையில் இருந்து மெல்ல ஆறியது. மறுநாள் அதை இரண்டு போலராய்டு தாள்களுக்கு இடையே பிடித்துப் பார்த்து, ஒரு முனையில் லேசான வெளிச்சக் கீற்று தெரிந்ததால், உள்ளே இறுக்கம் மிச்சமிருக்கிறது என்று மீண்டும் உலையில் வைத்தார். என் கண்ணுக்கு அந்தக் கீற்று சொன்ன பிறகுதான் தெரிந்தது.

பதினாறு வயதில் தொடங்கியவர் முதல் ஓராண்டு முழுவதும் குழாயின் முனையை இழுத்துக் கூராக்கும் வேலை மட்டுமே செய்தாராம். இப்போது அவரிடம் கற்கும் இளம்பெண்ணும் எட்டு மாதமாக அதையேதான் செய்கிறார். இது கொஞ்சம் அதிகம் என்றே எனக்குப் பட்டது. ஆனால், இன்றும் ஒவ்வொரு காலையும் பெரியவர் வேலைக்கு முன் இரண்டு துண்டுக் குழாய்களை ஒட்டிப் பார்த்து, அதை உடைத்துச் சில்லுப் பெட்டியில் போடுகிறார் என்று அந்தப் பெண் சொன்னபோது மேற்கொண்டு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. எலக்ட்ரானைக் கண்டறிந்த ஜே.ஜே. தாம்சனுக்குக் குழாய்களை ஊதிக் கொடுத்த எபனேசர் எவரெட்டின் பெயரை நான் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை என்பதும் அப்போது உறுத்தியது.

குறைகளும் உண்டு. பத்து நாள் என்றவர் இருபத்து நான்கு நாள் எடுத்துக்கொண்டார். செய்முறைத் தேர்வு நெருங்கியிருந்த நேரத்தில் இது பெரும் சிரமம். முறையான ரசீது கிடையாது; துண்டுச்சீட்டில் எழுதித் தந்த தொகையைக் கல்லூரிக் கணக்குப் பிரிவில் ஏற்கவைக்க நான் பட்ட பாடு தனிக்கதை. தொலைபேசியை எடுப்பதே இல்லை. கருவியைக் கழுவி உலர்த்தாமல் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார். ஒட்டியிருக்கும் எண்ணெய் கரியாகி இணைப்புக்குள் புகும், கரைப்பான் எச்சம் தீப்பிடிக்கும் என்பதால் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். கூலி, புதிய கருவியின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆயிற்று. மற்ற இரண்டும் எளிய விரிசல்கள்; அவை குறையின்றித் திரும்பின.

மாற்றிய கருவியில் அதே தோட்டத்துக் கிராம்பை மாணவிகள் காய்ச்சியபோது 16 விழுக்காடு எண்ணெய் கிடைத்தது. கரைப்பானைக் கொண்டு சாறு பிரிக்க உதவும் சாக்ஸ்லெட் கருவி ஒன்றும், சைஃபன் குழாய் உடைந்த நிலையில், எங்களிடம் இருக்கிறது. மெல்லிய குழாய் வேலைக்குச் சுடர் ஆடக்கூடாது, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் சன்னலை அடைத்தாலும் சுடர் நிற்பதில்லை என்று சொல்லி, புரட்டாசியில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.